தொடங்கும் பொத்தானில் ஒரு கறுப்பு டேப்

"இனிமே இந்தக் கருவியைத் தொடமாட்டேன், மாஸ்டர்" என்றார் தவசிமுத்து.

"ஏன் அண்ணாச்சி?"

"இதுல அடிமைன்னு எழுதியிருக்கு."

ஜெபக்கனி மாஸ்டர் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார்.

"எங்க?"

தவசிமுத்து ஒரு கையேட்டை நீட்டினார். நாற்பத்தேழாம் பக்கம். இரண்டு கருவிகளை வயரால் சேர்த்து ஒரே தாளத்தில் ஓட்ட வேண்டுமானால், ஒன்று மாஸ்டராக இருக்க வேண்டும், மற்றது ஸ்லேவாக இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. அந்த வரியை அவர் சிவப்புப் பேனாவால் மூன்று முறை அடிக்கோடிட்டிருந்தார்.

"ஆண்டான், அடிமை. பட்டனை அமுக்கி நாமளே தேர்ந்தெடுக்கணுமாம். இந்த மாஸ்டர்ங்கிற சொல்லையே ஒழிக்கணும், மாஸ்டர்."

"ஒழிச்சிரலாம். மொதல்ல உக்காருங்க."

கோவில்பட்டியில், ஒரு டயர் கடைக்கு மேலே, பத்தொன்பது படி ஏறினால் மாஸ்டரின் அறை. கீபோர்டு கற்றுக்கொடுப்பார், பழுதும் பார்ப்பார். வயது முப்பத்திரண்டு. தவசிமுத்துவுக்கு அறுபத்தொன்று. இரண்டு வருடமாக அவரிடம் மாணவர்.

அதற்கு முன்னால் தவசிமுத்து எவரிடமும் மாணவராக இருந்ததில்லை. தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்தில் முப்பது வருடம் பேசியவர். சங்கத்தின் பாட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பதினோரு பேர் இருந்த குழு அது. ஒருவர் அரசு வேலைக்குப் போனார். ஒருவர் கட்சி மாறினார். இருவர் திருப்பூர் போனார்கள். நால்வர் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். ஒருவர் செத்துப்போனார். நாணயமாக விலகியவர் அவர் ஒருவர்தான் என்பது தவசிமுத்துவின் கருத்து.

இப்போது மிச்சம் இருவர். தவசிமுத்து. பிறகு, தானே தாளம் ஓட்டவும் விரலால் தட்டவும் கூடிய ரிதம் பேடை வாசிக்கும் இசக்கியம்மாள்.

போனவர்களின் இடத்தை நிரப்பத்தான் அவர் டிஜிட்டல் பியானோ வாங்கினார். ஃபிடில், புல்லாங்குழல், பேஸ் எல்லாவற்றையும் தானே வாசித்து அதற்குள் பதிவுசெய்து வைத்தார்.

"ஒன்பது பேரையும் உள்ள வச்சிருக்கேன். சந்தா பாக்கியில்ல, கருத்து வேறுபாடில்ல" என்பார்.

அந்தப் பியானோவை இன்று அவரும் இசக்கியம்மாளுமாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் ஏறி வந்ததை மாஸ்டர் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டார்.

"இடது! இடது!"

"யாரு இடது அண்ணாச்சி? உங்க இடதா, என் இடதா?"

"இடதுன்னா இடதுதான்!"

சுவரில் மூன்று இடி.

இப்போது இசக்கியம்மாள் ரிதம் பேடைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"என்ன கோளாறு?" என்று மாஸ்டர் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை சங்க ஆண்டு விழா. பாட்டு ஆரம்பிக்கும்போது பியானோவும் பேடும் ஒண்ணாத்தான் ஆரம்பிக்குது. ரெண்டாவது அடி வர்றதுக்குள்ள பிரிஞ்சு போயிருது. வெளிநாட்டுப் பெட்டி. ஒற்றுமைன்னா ஆகாது."

"எப்படிச் சேத்திருக்கீங்க?"

தவசிமுத்து பெருமையோடு பியானோவைத் திருப்பினார். முதுகில் இரண்டு வட்ட ஓட்டைகள். ஒன்று தாளம் வெளியே போகும் அவுட், ஒன்று உள்ளே வரும் இன். பியானோவின் அவுட்டில் மிடி வயரின் ஒரு முனை. ரிதம் பேடின் அவுட்டில் மறுமுனை.

"ரெண்டையுமே மாஸ்டர்னு போட்டிருக்கேன். எங்க குழுவுல ஏற்றத்தாழ்வு கிடையாது."

மாஸ்டர் வயரைப் பார்த்தார். இசக்கியம்மாளைப் பார்த்தார். மறுபடி வயரைப் பார்த்தார்.

"இதுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. அதுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. இதுவும் பேசுது, அதுவும் பேசுது. கேக்கிறது யாரு?"

"மக்கள்" என்றார் தவசிமுத்து.

மாஸ்டர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, நாளைக்கு வாருங்கள் என்றார்.

*

வெள்ளிக்கிழமை தவசிமுத்து ஒரு துண்டறிக்கையோடு வந்தார்.

'இசைக்கருவிகளில் அடிமைமுறையா? உழைக்கும் மக்களின் கண்டனம்.' இரண்டு பக்கம். இருநூறு பிரதி அடித்தாயிற்று.

மாஸ்டர் அதை நின்றபடியே முழுவதும் படித்தார். அறிக்கையில் ஒரு பிழை இல்லை. அந்தக் காலத்து ஆட்கள் பிழையோடு அச்சுக்குக் கொடுப்பதில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க அண்ணாச்சி."

அதை நான்காக மடித்தார். பியானோ ஸ்டாண்டின் ஆடிக்கொண்டிருந்த காலுக்கு அடியில் வைத்தார். ஸ்டாண்டு ஆட்டத்தை நிறுத்தியது.

"மாஸ்டர்!"

"பாருங்க, இப்ப ஆடாம நிக்குது."

இசக்கியம்மாள் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

"சரி, அந்தச் சொல் வேண்டாம். நீங்களே வேற பேர் வைங்க. ஆனா ஒண்ணு தாளம் சொல்லணும். இன்னொண்ணு கேட்டுக்கணும். அத விட்டா வேற வழி இல்ல" என்றார் மாஸ்டர்.

தவசிமுத்து யோசித்தார். சங்கத்தில் எல்லாச் சிக்கலையும் தீர்த்த ஒரு முறை இருந்தது.

"சுழற்சி முறை. ஒரு பாட்டுக்கு நான் சொல்றேன், அடுத்த பாட்டுக்கு இசக்கி சொல்லட்டும்."

"நல்லது. மொதப் பாட்டுக்கு யாரு?"

 கீழே யாரோ டயரைத் தட்டிப் பார்க்கும் ஒலி மட்டும் வந்தது.

"அண்ணாச்சியே இருக்கட்டும்" என்றாள் இசக்கியம்மாள்.

"இருபத்திரண்டு வருஷமா இதத்தான் சொல்றா. எவ்வளவு நல்ல தோழர் பாருங்க!"

மாஸ்டர் வயரைப் பிடுங்கினார். பியானோவின் அவுட்டில் ஒரு முனை. ரிதம் பேடின் இன்னில் மறுமுனை. ரிதம் பேடில் இரண்டு பட்டன்களை அமுக்கினார்.

"ஒன், டூ, த்ரீ, ஃபோர்!" என்று தவசிமுத்து எண்ணினார்.

பியானோ கிளம்பியது. ரிதம் பேடு அதன் கூடவே கிளம்பியது. முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. கொஞ்சமும் பிசகவில்லை. தவசிமுத்து வேகத்தைக் கூட்டினார், அது கூடியது. குறைத்தார், குறைந்தது. மறுபடி கூட்டினார்.

"ஆகா! இதுதான் மாஸ்டர் ஒற்றுமை!"

பாட்டு முடிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். இசக்கியம்மாள் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தாள்.

"நீ அடிக்கலயா?"

"பெட்டி உங்க கூட வந்திருச்சு அண்ணாச்சி. என் விரலுக்கு முடியல."

அவள் தன் பையைத் திறந்து கடலைப் பொட்டலத்தை உள்ளே வைத்தாள். அப்போது பைக்குள் ஏதோ மின்னியது.

"அது என்ன?"

அவள் எடுத்துக் காட்டினாள். ஜிகினா வைத்துத் தைத்த ஊதா நிறக் கோட்டு.

"கல்யாணக் கச்சேரிக் குழு ஒண்ணுல கூப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலையில உங்களோட வாசிக்கிறேன். சாயங்காலம் அங்க போறேன். அதோட இங்க நிப்பாட்டிக்கிறேன்."

"கல்யாணக் கச்சேரியா? அங்க என்ன கொள்கை இருக்கு?"

"கொள்கை தெரியாது. எட்டுப் பேரு வாசிக்காங்க. வாசிக்கும்போது ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கிடுதாங்க."

அவள் கோட்டை மடித்து வைத்துவிட்டு, பத்தொன்பது படியும் இறங்கிப் போனாள்.

*

சனிக்கிழமை தவசிமுத்து தனியாக வந்தார்.

"துரோகம். இது பத்தாவது துரோகம்."

"ஒருத்தர் செத்துட்டாருன்னு சொன்னீங்களே."

"சரி. ஒன்பதாவது."

மாஸ்டர் ஒரு கீபோர்டின் தூசியைப் பிரஷால் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க நாளைக்கு வந்து பேசுங்க. நீங்க சொன்னா கேப்பா" என்றார் தவசிமுத்து.

"நாளைக்கு நான் சர்ச்சுல வாசிக்கணும்."

"உங்க ஆண்டவருக்கும் ரிதம் பெட்டி வேணுமா?"

"அவரு இதுவரைக்கும் வேகம் பத்திப் புகார் சொன்னதில்ல."

தவசிமுத்து சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் குரல் இறங்கியது.

"மாஸ்டர், கருவி ரெண்டும் ஒண்ணாத்தானே ஓடுது. அப்புறம் அவ ஏன் போறா? அவளும் போயிட்டா நான் யாரோட வாசிக்கிறது?"

மாஸ்டர் பிரஷை வைத்தார். பியானோவின் ஒரு முனைக்குப் போய் நின்றார்.

"ஒரு கை பிடிங்க அண்ணாச்சி. கீழ கொண்டுபோகணும்."

தவசிமுத்து மறுமுனையைப் பிடித்தார். படிக்கட்டு குறுகல். அவர் கீழ்ப்பக்கம், முதுகைக் காட்டியபடி இறங்க வேண்டும். மாஸ்டர் மேல்பக்கம்.

"மெதுவா! இடது!" என்றார் தவசிமுத்து.

சுவரில் இடித்தது.

"இன்னும் இடது!"

அவருடைய விரல் முட்டி உரசியது.

"எல்லா எடத்துலயும் இடது வராது அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

ஐந்தாவது படியில் தவசிமுத்துவின் கால் காற்றில் துழாவியது. ஏழாவது படியில் திருப்பம். கட்டளையிட வாயைத் திறந்தார். கட்டளையிட ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்தது பியானோவும் மாஸ்டரின் நெற்றியும் மட்டுமே. மாஸ்டரின் கண்கள் அவர் தோளைத் தாண்டி, அவருக்குப் பின்னால், கீழே இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் வாயை மூடினார்.

 இருபத்தைந்து கிலோ இருவர் கையிலும் தொங்கியது.

"இப்ப உங்க வலது கைப்பக்கம் திரும்புங்க. கால வைக்கலாம். இன்னொண்ணு. கொஞ்சம் பொறுங்க, ஒரு பூனை படுத்திருக்கு. ஆ, போயிருச்சு. வைங்க" என்றார் மாஸ்டர்.

அதற்குப் பிறகு ஓரிடத்திலும் இடிக்கவில்லை.

தெருவுக்கு வந்தார்கள். தவசிமுத்து மூச்சு வாங்கினார். டயர் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"இப்ப எங்க கொண்டுபோகணும் மாஸ்டர்?"

"மேல."

"என்னது?"

"மேலதான். இன்னும் வேலை பாக்கி இருக்கு."

"பின்ன எதுக்குக் கீழ கொண்டுவந்தோம்?"

"உங்களுக்குச் சொல்ல எனக்கு வேற வழி தெரியல."

டயர் கடைக்காரர், "படிச்சவங்க எல்லாம் இப்படித்தான்" என்றார்.

தவசிமுத்து பியானோவைச் சுற்றி நடந்து, மேல்பக்க முனைக்குப் போய், படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"சொல்லுங்க மாஸ்டர்."

மேலே போனதும், மாஸ்டர் சொல்லாமலே தவசிமுத்து வயரைப் பிடுங்கினார். ஒரு முனையைப் பியானோவின் இன்னில் செருகினார். மறுமுனையில் ஒரு காகிதத் துண்டைக் கட்டி, 'இசக்கி - அவுட்' என்று எழுதினார். பியானோவின் திரையில், வெளியிலிருந்து வரும் தாளத்தைக் கேட்கும் முறையைத் தேடிப் பிடித்தார். நாற்பத்தேழாம் பக்கத்துச் சொல்லை ஒரு தடவை சத்தமாகப் படித்தார். முகத்தைச் சுளித்தார். அமுக்கினார்.

பிறகு தொடங்கும் பொத்தானை அமுக்கினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

"கெட்டுப்போச்சு."

"இல்ல."

"சத்தமே வரலியே!"

"காத்துக்கிட்டு இருக்கு."

அவர் மறுபடி அமுக்கினார். மறுபடி. மறுபடி. பியானோவுக்குள் இருந்த ஒன்பது பேரும் வாயைத் திறக்கவில்லை.

மாஸ்டர் கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, அந்தப் பொத்தானின் மேல் ஒட்டினார்.

"அமுக்கினா அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா உங்க விரல் சும்மா இருக்காது."

*

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. சங்கக் கட்டடத்தின் முன்னால் துணிப்பந்தல். பந்தல் கூட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது, மேடைக்குப் போதவில்லை. மேடையில் வெயில்.

இருநூறு துண்டறிக்கையில் ஒன்று ஸ்டாண்டுக்கு அடியில் போய்விட்டதல்லவா? மீதியை யாரோ விநியோகித்துவிட்டார்கள். மக்கள் அதை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். துண்டறிக்கைகளுக்கு இதைவிட மோசமான முடிவுகள் வந்ததுண்டு.

இசக்கியம்மாள் ரிதம் பேடின் முன்னால் உட்கார்ந்தாள். பை அவள் காலடியில் இருந்தது. வயரின் முனையில் தொங்கிய காகிதத்தில் தன் பெயரைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"உன் பேடோட அவுட்டுல சொருகு. நீ ஆரம்பிச்சாத்தான் பியானோ ஆரம்பிக்கும்."

"சரி, எண்ணுங்க அண்ணாச்சி."

"நான் எண்ணப் போறதில்ல."

"பின்ன எப்ப ஆரம்பிக்கணும்?"

"எனக்குத் தெரியாது" என்றார் தவசிமுத்து.

அந்தச் சொல்லை அவர் ஒரு மேடையிலும் சொன்னதில்லை. இசக்கியம்மாள் அவருக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைப் பார்த்தாள்.

அவள் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார்.

அரை நிமிடம் போயிற்று. மேடையில் அரை நிமிடம் நீளமானது.

"என்ன அண்ணாச்சி, கரண்டு போயிருச்சா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"பியானோவுக்குச் சந்தா கட்டலயாம்!" என்று இன்னொரு குரல்.

கூட்டம் சிரித்தது. தவசிமுத்துவின் விரல் டேப்பின் மேல் போய் நின்றது. அமுக்கியது. ஒன்றும் ஆகவில்லை. விரலை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, எண்ணுங்க" என்றாள் அவள் மெதுவாக.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்று.

இசக்கியம்மாள் அவரைப் பார்ப்பதை விட்டாள். நிமிர்ந்து எதிரே பார்த்தாள். எதிரே நூற்றைம்பது பேர் துண்டறிக்கையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.

பிறகு ரிதம் பேடில் வேகம் குறிக்கும் தாளப் பட்டனை நான்கு முறை தட்டினாள். தொடக்கத்தை அமுக்கினாள்.

பியானோ கிளம்பியது.

தவசிமுத்து திடுக்கிட்டார். பாட்டு நடந்தது. அவருடைய பாட்டு எப்போதும் ஓடும். ஊர்வலத்தில் போலீஸ் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எழுதிய பாட்டு, போலீஸ் இல்லாத இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேகப் பட்டனைத் தேடி அமுக்கினார். அது கேட்கவில்லை. வேறு வழியில்லாமல், இசக்கியம்மாளின் கையைப் பார்த்துப் பாட ஆரம்பித்தார்.

"பெட்டிக்குள் அடைத்தவன் யார், எங்கள் நெருப்பை?"

அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ஒரு சிறு இடம் இருந்தது. அங்கே ஓர் இடம் இருப்பது, எழுதிய அவருக்கே தெரியாது.

அந்த இடத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி, "யார்?" என்று கேட்டாள்.

அடுத்த முறை இருபது பேர் கேட்டார்கள். மூன்றாவது முறை பந்தலே கேட்டது.

இசக்கியம்மாளின் விரல்கள் பேடின் மேல் பரபரத்தன. பெட்டியின் தாளத்துக்கு மேலே அவள் தன் தாளத்தைப் போட்டாள், எடுத்தாள், திருப்பிப் போட்டாள். ஒரு தடவை அவரைப் பார்த்தாள். சிரித்தாள்.

தவசிமுத்துவுக்கு ஒரு வரி மறந்துவிட்டது. கூட்டம் அதைப் பாடிவிட்டது.

முடிந்ததும், "இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள்.

"இருங்கய்யா, பேடு வெயில்ல சூடாகிப் போச்சு" என்றாள் இசக்கியம்மாள். பையைத் திறந்தாள். ஊதாக் கோட்டை எடுத்து உதறி, ரிதம் பேடின் மேல் வெயில் படாமல் கூடாரம் போல விரித்தாள். ஒரு கையை அதற்குள் விட்டுக்கொண்டாள். ஜிகினா பந்தல் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் அடித்தது.

"அது சாயங்காலம் போடுற கோட்டு இல்லையா?"

"இதுவும் வேலைதான்."

தவசிமுத்து கறுப்பு டேப்பின் தூக்கிய ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

"இசக்கி, இந்த வேகத்த எங்க பிடிச்ச?"

அவள் மோவாயால் எதிரே விசிறிக்கொண்டிருந்த கூட்டத்தைக் காட்டினாள்.

"இருபத்திரண்டு வருஷமா அங்கதான் கெடக்கு, அண்ணாச்சி."